முன்பின் தெரியாத வீட்டு மேசையில்

போன வாரம் கலிஃபோர்னியாவின் டிரேசி ஊரிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டாள். நோட்டரி தேர்வில் பாஸ் ஆகிவிட்டாளாம், கைரேகைச் சோதனை முடிந்துவிட்டதாம், கமிஷன் என்கிற நியமனப் பத்திரமும் கைக்கு வந்துவிட்டதாம். "அக்கா, பிரிண்டர் எது வாங்கலாம்? ரெண்டு ட்ரே இருக்கிறது வேணும்னு சொல்றாங்களே" என்று ஆரம்பித்து முத்திரை, மை, மேப் ஆப் என்று அரை மணி நேரம் கேட்டாள். தெரிந்ததையெல்லாம் சொன்னேன். கடைசியில் நான் ஒன்று கேட்டேன். "ராத்திரி எட்டு மணிக்கு யாரோ வீட்டுக்கு வரச் சொன்னா, தனியாப் போவியா?"

"போகலாம்ல அக்கா? பதினஞ்சு நிமிஷ டிரைவ்தானே?"

அந்தப் பதில் இரண்டு நாளாக மனசை உறுத்திக்கொண்டே இருந்தது. ஏனென்றால் கமிஷன் வாங்கிய புதிதில் நானும் அதே பதிலைத்தான் சொல்லியிருப்பேன். அவளுக்குப் போனில் சொன்னது போதாது. அதனால்தான் இந்தப் பதிவு.

ஊரில் இருந்து படிப்பவர்களுக்காக ஒரு வார்த்தை. அங்கே நோட்டரி என்றால் வழக்கறிஞர். 1952ஆம் ஆண்டு நோட்டரி சட்டத்தின் விதிகளின்படி, பொதுவாகப் பத்து வருடமாவது தொழில் செய்திருக்க வேண்டும். கோர்ட் வாசலிலோ தாலுகா ஆபீஸ் பக்கத்திலோ உட்கார்ந்திருப்பார், நாம் அவரைத் தேடிப் போவோம். கலிஃபோர்னியாவில் அப்படி இல்லை. பதினெட்டு வயது நிரம்பி, சட்டப்படி இங்கே வசிப்பவராக இருந்து, ஆறு மணி நேர வகுப்பும் தேர்வும் முடித்து, கைரேகைச் சோதனையில் தேறினால் நான்கு வருடத்துக்கு நோட்டரி. பத்திரத்தை எழுதித் தருவதோ சட்ட ஆலோசனை சொல்வதோ நம் வேலை இல்லை. கையெழுத்துப் போடுகிறவர் அவர்தானா என்று அடையாளம் பார்க்க வேண்டும், பதிவேட்டில் எழுத வேண்டும், முத்திரை குத்த வேண்டும். ஒரு கையெழுத்துக்கு அதிகபட்சம் 15 டாலர் என்று சட்டமே வரம்பு வைத்திருக்கிறது. அதை மட்டும் வைத்துக்கொண்டு பிழைக்க முடியாது. அதனால் வீடு தேடிப் போய், பயணத்துக்குத் தனியாக ஒரு தொகை பேசி வாங்குகிறோம். இந்த 'வீடு தேடிப் போவது'தான் மொபைல் நோட்டரியின் பிழைப்பு. ஆபத்தும் அங்கேதான்.

2020 ஜூலையில் முப்பது வருட வீட்டுக்கடன் வட்டி முதன்முறையாக 3 சதவீதத்துக்குக் கீழே போனது. 2021 ஜனவரியில் 2.65க்கு வந்தது. ஊரே பழைய கடனை மாற்றி எழுதிய காலம் அது. ஒரு நாளைக்கு மூன்று, நான்கு வீடு. நூற்றைம்பது பக்கம் பிரிண்ட் எடுத்துக்கொண்டு ஓடுவேன். போனில் மெசேஜ் வரும்: இந்த ஊர், இந்த நேரம், இவ்வளவு தொகை. யார் முதலில் 'சரி' என்று தட்டுகிறாரோ வேலை அவருக்கு. யோசிக்க நேரம் கிடையாது. யோசித்தால் வேலை அடுத்தவருக்குப் போய்விடும்.

ஆனாலும் அந்தக் காலத்தில் ஒரு பாதுகாப்பு இருந்தது. அது பாதுகாப்பு என்று எனக்கு அப்போது தெரியவில்லை. கடன் பத்திரத்துக்குக் கையெழுத்து வாங்கப் போகும்போது அந்த வீட்டுக்காரரின் பெயர், வேலை, சம்பளம், முகவரி எல்லாவற்றையும் வங்கியும், நடுவில் நின்று பணத்தைக் கைமாற்றும் எஸ்க்ரோ கம்பெனியும் ஏற்கெனவே அலசி முடித்திருக்கும். நான் எங்கே, எத்தனை மணிக்கு, யாரோடு இருக்கிறேன் என்பது நாலு பேருக்குத் தெரியும். அந்த வீட்டுக்காரருக்கும் அது தெரியும்.

2023 அக்டோபரில் வட்டி 8 சதவீதத்தைத் தொடப் பார்த்தது. கடன் வேலை வற்றிப்போனது. என்னைப் போன்றவர்கள் இணையத்தில் பெயரும் போன் நம்பரும் போட்டு, யார் கூப்பிட்டாலும் போக ஆரம்பித்தோம். பவர் பத்திரம், உயில் சம்பந்தப்பட்ட காகிதம், கார் விற்ற காகிதம், குழந்தையின் பயண ஒப்புதல். இங்கே கூப்பிடுகிறவரை நமக்கு முன் யாரும் சோதித்துப் பார்த்திருக்க மாட்டார்கள். போனில் ஒரு குரல், ஒரு முகவரி, அவ்வளவுதான். கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். ஆளின் அடையாளத்தைச் சரிபார்ப்பதுதான் நம் தொழிலே. ஆனால் அந்தச் சரிபார்ப்பு நடப்பது அவர் வீட்டுக்குள் போய், கதவு சாத்திய பிறகு.

இது நோட்டரிகளுக்கு மட்டும் உள்ள கவலை இல்லை. வீடு காட்டும் ஏஜெண்டுகள் இதற்குப் பெரிய விலை கொடுத்திருக்கிறார்கள். 1986 ஜூலை 28 அன்று லண்டனில் சூசி லாம்ப்ளூ என்ற இருபத்தைந்து வயது ஏஜெண்ட், ஒரு வாடிக்கையாளருக்கு வீடு காட்டக் கிளம்பினார். டைரியில் 'மிஸ்டர் கிப்பர்' என்று எழுதி வைத்துவிட்டுப் போனார். திரும்பி வரவே இல்லை. அவருடைய பெற்றோர் தொடங்கிய அறக்கட்டளை, தனியாக வேலைக்குப் போகிறவர்களின் பாதுகாப்புக்காக இன்றும் உழைக்கிறது. 2014 செப்டம்பரில் ஆர்கன்சாவில் பெவர்லி கார்ட்டர் என்ற ஏஜெண்ட் வீடு காட்டப் போனார், கொலையானார். குற்றவாளி என்று தீர்ப்பான ஆள் நிருபர்களிடம் சொன்ன காரணம், அவர் தனியாக வேலை செய்யும் பெண் என்பதுதான். இன்றைக்கு அமெரிக்க ஏஜெண்டுகளின் சங்கம் செப்டம்பர் மாதத்தைப் பாதுகாப்பு மாதமாக வைத்திருக்கிறது. டைரியில் ஒரு பெயர் எழுதி வைத்தால் போதாது என்பதை அவர்கள் எப்போதோ புரிந்துகொண்டார்கள். நாம் இன்னும் பிரிண்டரைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

ஆனால் என் அனுபவத்தில், பதுங்கியிருந்து தாக்கும் அந்நியன் அபூர்வம். நமக்கு அடிக்கடி வரும் ஆபத்து வேறு. 'முடியாது' என்று சொல்ல வேண்டிய அந்த ஒரு நிமிடம்.

ஸ்டாக்டன் பக்கத்தில் ஒரு வீடு. கூப்பிட்டது மகன். அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, பவர் பத்திரத்தில் கையெழுத்து வாங்க வேண்டும், சாயங்காலம் ஏழு மணிக்கு வர முடியுமா என்று கேட்டார். தன்மையாகப் பேசினார், பேசிய தொகைக்கு மேலேயே தருகிறேன் என்றார். போனேன். அம்மாவுக்கு எண்பது வயதுக்கு மேல் இருக்கும். சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் உட்கார வைத்திருந்தார்கள். பையிலிருந்து பதிவேட்டையும் மைப்பெட்டியையும் எடுத்து வைத்தேன். பவர் பத்திரம் என்றால் இங்கே பதிவேட்டில் வலது கைக் கட்டைவிரல் ரேகை கட்டாயம். அதற்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து, கையைப் பிடித்து, விரலை நாம்தான் உருட்டி எடுக்க வேண்டும்.

அந்தக் கை சில்லென்று இருந்தது. பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகையே மழுங்கிப்போன கட்டைவிரல். மை வைப்பதற்கு முன், வழக்கமாகக் கேட்பதைக் கேட்டேன். "இது எதுக்கான பேப்பர்னு உங்களுக்குத் தெரியுமா?" மகன் பதில் சொல்ல வந்தார். "அவங்க சொல்லட்டும்" என்றேன். அந்த அம்மா என் கையை விடவில்லை. விரலால் என் உள்ளங்கையை ஒரு அழுத்து அழுத்தினார். மெதுவாகச் சொன்னார்: "வீட்டை விக்கிறதுக்கு. எனக்கு இதில் இஷ்டமில்லை."

அதற்கு மேல் சட்டப்படி எனக்கு அங்கே வேலையே இல்லை. அவர் தன் விருப்பத்தோடு கையெழுத்துப் போடவில்லை என்றால் முத்திரை கிடையாது. அதை நான் அந்த மேசையிலேயே, அந்த மகன் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். "இன்னிக்கு இதை முடிக்க முடியாது சார்." நியாயமான வார்த்தைதான். சொன்ன இடம் தப்பு.

அவர் எழுந்தார். சாப்பாட்டு அறைக்கும் வாசலுக்கும் நடுவே ஒரு குறுகலான நடை. அதில் போய் நின்றுகொண்டார். இவ்வளவு தூரம் வந்துவிட்டு முடியாது என்றால் என்ன அர்த்தம், அம்மாவுக்கு மறதி, அவள் என்ன சொன்னாலும் கணக்கில்லை என்றார். அந்த வார்த்தை ஒன்றே போதும், இன்னும் முடியாது என்பதற்கு. அப்புறம் பதிவேட்டின் மேல் கையை வைத்தார். எழுதிய பக்கத்தைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போ என்றார். நான் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டேன், அவர் மறுமுனையை. அந்த அம்மா கண்ணை மூடிக்கொண்டார்.

அப்போது போன் அடித்தது. என் கணவர். வீட்டுக்குள் போகும் முன் முகவரியை அனுப்பி, நாற்பது நிமிடத்தில் நான் கூப்பிடாவிட்டால் நீங்கள் கூப்பிடுங்கள் என்று சொல்லியிருந்தேன். போனை எடுத்தேன். "ஏங்க, அம்மாவுக்கு மாத்திரை எடுத்துக் குடுத்தாச்சா?" என்றேன். என் அம்மா இருப்பது தஞ்சாவூரில். கணவருக்குப் புரிந்துவிட்டது. "நான் கிளம்பிட்டேன், போனை வைக்காத" என்றார். பிறகு ஆங்கிலத்தில், அந்த ஆளுக்குக் கேட்கும்படி, "என் கணவர் வந்துகொண்டிருக்கிறார்" என்று சொன்னேன். பதிவேட்டின் மேலிருந்த கை விலகியது. காருக்கு வரும்வரை பின்னாலேயே வந்தார். கிளம்பும்போது பானெட்டில் ஓங்கி ஒரு அடி அடித்தார். மூன்று மைல் தள்ளி ஒரு பெட்ரோல் பங்க் வெளிச்சத்தில் காரை நிறுத்திவிட்டு, நடுக்கம் நிற்கும்வரை உட்கார்ந்திருந்தேன். அங்கிருந்தே முதியோர் பாதுகாப்புப் பிரிவுக்குப் போன் செய்தேன். இங்கே ஒவ்வொரு கவுண்டியிலும் அதற்கு இருபத்துநாலு மணி நேர எண் உண்டு. நோட்டரியாக இருப்பவர்கள் அந்த எண்ணைப் போனில் சேமித்து வைத்துக்கொள்ள வேண்டும்.

அன்றைக்குப் பிறகு மாற்றிக்கொண்டது முதலில் இதுதான். மறுப்பதை வாசலுக்கு வெளியே வந்துதான் சொல்வேன். மேசையில் ஏதோ சரியில்லை என்று தெரிந்தால், "ஒரு விஷயத்தை உறுதி செய்யணும், ஆபீஸுக்குப் பேசிட்டு வர்றேன்" என்று சொல்லி, பதிவேட்டையும் முத்திரையையும் பையில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுவேன். காருக்குள் உட்கார்ந்து, கதவைப் பூட்டிவிட்டு, போனில் சொல்வேன் முடியாது என்று. இதில் கோழைத்தனம் எதுவும் இல்லை. முத்திரை விழக்கூடாது என்பதுதான் முக்கியம். அதை எந்த இடத்திலிருந்து சொன்னால் என்ன?

இரண்டாவது, கையெழுத்துப் போடப் போகிறவரோடு நானே போனில் பேசாமல் எந்த வீட்டுக்கும் போவதில்லை. மகன் பேசினாலும் சரி, மருமகள் பேசினாலும் சரி, "அவங்ககிட்ட ரெண்டு நிமிஷம் குடுங்க" என்பேன். ஐடியில் பெயர் எப்படி இருக்கிறது, காலாவதி தேதி என்ன, என்ன பத்திரம், எதற்காக, அந்த நேரத்தில் வீட்டில் யார் யார் இருப்பார்கள் என்று கேட்பேன். ஸ்டாக்டன் அம்மாவிடம் இந்த இரண்டு நிமிடம் பேசியிருந்தால் நான் அந்த வீட்டுக்கே போயிருக்க மாட்டேன். அவருக்கு உதவியும் முன்னாலேயே போய்ச் சேர்ந்திருக்கும். கேள்விக்கு எரிந்து விழுகிறவர், 'வந்துட்டுப் பேசிக்கலாம்' என்று மழுப்புகிறவர், தொகையை மட்டும் ஏற்றிக்கொண்டே போகிறவர், இந்த மூன்று பேர் வீட்டுக்கும் நான் போவதில்லை.

புது ஆள், சின்ன வேலை என்றால் நூலகத்துக்கோ வங்கி வரவேற்புக் கூடத்துக்கோ வரச் சொல்வேன். பல ஊர்களில் போலீஸ் ஸ்டேஷன் வாசலிலேயே, இணையத்தில் பொருள் விற்று வாங்குகிறவர்களுக்காகக் கேமரா வைத்த இடம் ஒதுக்கியிருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. வர மறுப்பவருக்கு உண்மையான காரணம் இருக்கலாம். படுத்த படுக்கையாக இருக்கலாம். அப்படியானால் பகலில் போகலாம், கணவரையோ தோழியையோ காரில் உட்கார வைத்துவிட்டுப் போகலாம்.

பதிவேட்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அதில் நூற்றுக்கணக்கான பேருடைய கையெழுத்து, ஐடி எண், கைரேகை இருக்கிறது. திருடனுக்கு நம் பணப்பையை விட அதுதான் மதிப்பு. பூட்டி வைக்க வேண்டும் என்பது சட்டம். ஆனால் ஒருவன் கையிலிருந்து பிடுங்கினால், விட்டுவிடுங்கள். அன்றைக்கு நான் இழுத்துப் பிடித்தது தப்பு. பதிவேடு போனால் போலீஸில் புகார் கொடுத்து, மாநிலச் செயலர் அலுவலகத்துக்குப் பதிவுத் தபாலில் உடனே எழுத வேண்டும், அதற்கு வழி இருக்கிறது. அதைக் காப்பாற்றுவதற்காக உயிரைப் பணயம் வைக்கச் சொல்லி எந்தச் சட்டமும் இல்லை.

காரைத் தெருவில்தான் நிறுத்துவேன். வீட்டு டிரைவ்வேயில் நிறுத்தினால் பின்னால் இன்னொரு கார் வந்து மறித்துக்கொள்ளும். போன் கைப்பையில் இருக்காது, பாக்கெட்டில் இருக்கும். வாசலைப் பார்த்த நாற்காலி. உள்ளே வந்ததும் பழக்கத்தில் கதவுக்குப் பூட்டுப் போடுகிறவர்கள் உண்டு. "திறந்தே இருக்கட்டுமே" என்று கேட்டால் யாரும் தப்பாக நினைத்ததில்லை. மேசை ஓரத்தில் கைத்துப்பாக்கி கிடந்த வீட்டையும் பார்த்திருக்கிறேன். வீட்டில் துப்பாக்கி வைத்திருப்பது இங்கே சாதாரணம். "வேறு அறையில் வைத்துவிட முடியுமா?" என்று கேட்டேன். வைத்துவிட்டு மன்னிப்பும் கேட்டார். நாயையும் கட்டிப்போடச் சொல்லிவிடுவேன். 2023இல் மட்டும் இந்த நாட்டில் 5,800க்கும் மேற்பட்ட தபால்காரர்களை நாய்கள் தாக்கியிருக்கின்றன. 'எங்க நாய் ஒண்ணும் செய்யாது' என்பது நாய்க்காரருக்கு மட்டுமே தெரிந்த உண்மை.

இதையெல்லாம் விடப் பெரிய ஆபத்து சாலைதான். அமெரிக்காவில் வேலையில் இருக்கும்போது நேரும் சாவுகளில் முதலிடம் வாகன விபத்துகளுக்கு. குளிர்காலத்தில் சென்ட்ரல் வேலியில் 'டூலி' என்கிற அடர்ந்த மூடுபனி இறங்கினால் முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்குகூடத் தெரியாது. 99ஆம் நெடுஞ்சாலையில் ஒரு டிசம்பர் இரவு, ஊர்ந்து ஊர்ந்து வந்த அந்தப் பயணம் இன்னும் மறக்கவில்லை. அதற்குப் பிறகு பனி எச்சரிக்கை வந்தால் கையெழுத்தை மறுநாள் காலைக்கு மாற்றிவிடுகிறேன்.

ஆன்லைனில் செய்தால் என்ன என்று கேட்பீர்கள். வர்ஜீனியா 2012லேயே வீடியோ வழியாக நோட்டரி செய்ய அனுமதித்துவிட்டது. பெரும்பாலான மாநிலங்கள் பின்னால் வந்துவிட்டன. கலிஃபோர்னியா 2023இல்தான் சட்டம் போட்டது. அது முழுமையாக நடைமுறைக்கு வர 2030 வரை அவகாசம் வைத்திருக்கிறார்கள். அதுவரை நாங்கள் நேரில் பார்த்துத்தான் முத்திரை போட வேண்டும்.

நம் தமிழ் வீடுகளில் எனக்கு வேறு மாதிரிச் சங்கடம். ஊரில் இருக்கும் நிலத்தை விற்க அண்ணனுக்குப் பவர் கொடுக்க வேண்டும் என்று கூப்பிடுவார்கள். நான் முத்திரை போட்டு, அவர்கள் அபாஸ்டில் என்கிற வெளிநாட்டுக்கான சான்று வாங்கி ஊருக்கு அனுப்புவார்கள். வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்வார்கள். எனக்கும் அதுதான் வழக்கம். ஆனால் அவசரத்தில் வெறுங்காலோடு ஓட முடியாது. அதனால் இப்போது கட்டாமல் மாட்டும் செருப்புதான் போடுகிறேன், கழற்றி நிலைப்படிக்கு உள்ளே, கைக்கெட்டும் இடத்தில் வைக்கிறேன். "காபி குடிச்சிட்டுத்தான் போகணும்மா" என்பார்கள். முன்பின் தெரியாத வீட்டில் எதுவும் குடிப்பதில்லை என்று வைத்திருக்கிறேன். ஊரிலிருந்து வந்திருக்கும் வயதான அம்மா டம்ளரை நீட்டும்போது மறுப்பது எனக்கு வலிக்கிறது. அவர்கள் முகம் சுருங்குவதும் தெரிகிறது. அதோடு, நம் வீடுகளில் தமிழில் சங்கேதம் பேசவும் முடியாது. மாத்திரைக் கதையைக் கேட்டு, "அம்மாவுக்கு என்ன செய்யுது?" என்று அக்கறையாக விசாரிப்பார்கள்.

டிரேசித் தங்கைக்கு நான் சொல்வது இதுதான். பிரிண்டர் எதுவானாலும் பரவாயில்லை. முகவரி தெரிந்த ஒருவர், நேரம் தவறாமல் கூப்பிடும் ஒருவர் வீட்டில் இல்லாத நாளில் வேலையை ஒப்புக்கொள்ளாதே. வீடு தேடிப் போக வேண்டும் என்று நம்மை யாரும் கட்டாயப்படுத்தவில்லை. மனசுக்குச் சரியென்று படாத வாசலிலிருந்து திரும்பி வந்த நாட்களில் எனக்குப் போனது பெட்ரோல் காசு மட்டும்தான்.

நோட்டரியை வீட்டுக்குக் கூப்பிடும் உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். பத்துக் கேள்வி கேட்டால் கோபப்படாதீர்கள். வாசலைப் பார்த்த நாற்காலியில் உட்கார்ந்தால், காபி வேண்டாம் என்றால், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். நாயைக் கட்டிப் போடுங்கள். இருட்டுவதற்கு முன்னால் நேரம் கொடுங்கள். முடியாவிட்டால், அவர் வந்து காரில் ஏறிப் போகும்வரை வாசல் விளக்கைப் போட்டு வையுங்கள்.